கைலாசபதி, க.

கைலாசபதி, க. (5 ஏப்ரல் 1933 – 6 டிசம்பர் 1982): கோலாலம்பூரில் பிறந்த தமிழ்த் திறனாய்வாளர், இதழாசிரியர், பேராசிரியர். இலங்கைப் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர்.

இளமை

அந்நாளைய மலாயாவில் யாழ்ப்பாணத்தார் பலர் இரயில் நிலைய அதிபர்களாகவும் அலுவலகக் கிராணிகளாகவும் வேலை பார்த்தனர்.  கைலாசபதி தொடக்கக் கல்வியைக் கோலாலம்பூரில் பெற்று, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே இந்துக் கல்லூரியிலும், பிறகு கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்தார். 1957இல் பேராதனையில் தமிழ்ச் சிறப்புப் பட்டத்தை முதல் வகுப்பில் பெற்றார்.

இதழும் ஆய்வும்

‘தினகரன்’ ஆசிரியராக (1959–61) ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்களுக்கு நாளிதழில் இடம் தந்தார். மலாயாவில் சில காலம் வாழ்ந்த இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ நாவல் அதில்தான் தொடராக வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் சிலர் பழித்தபோது, கைலாசபதியும் திறனாய்வாளர் கா. சிவத்தம்பியும் எழுத்தாளர் பக்கம் நின்றனர்.

பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. ஹோமர் காவியங்களை வாய்மொழி மரபாகக் கண்ட ஆய்வுமுறையை அவர் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். இதை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உளர்.

வளாகத் தலைமை (1974–77)

1972இல் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. துணைவேந்தர் ஒருவரே, வளாகத்துக்கு வளாகம் ஒரு தலைவர். கைலாசபதியைச் சிலர் ‘முதல் துணைவேந்தர்’ என்று குறிப்பது இதனால் பொருந்தாது. அப்பதவி, வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது, அவருடைய ஆசிரியரான சு. வித்தியானந்தனுக்கு உரியதாயிற்று.

யாழ்ப்பாண வளாகம் 1974 ஆகஸ்ட் 1இல் அமைக்கப்பட்டது. அக்டோபர் 6இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க திறந்துவைத்தார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களே வளாகமாயின. விஞ்ஞான வகுப்புகள் சில காலம் வட்டுக்கோட்டையில் நடந்தன. கட்டடமும் நூலும் ஆளும் ஒருங்கே தேட வேண்டியிருந்த அந்த ஆண்டுகளின் தொடக்கத்தில் தலைவருக்கு வயது நாற்பத்தொன்றுதான்.

எதிர்ப்பும் இருந்தது. தரப்படுத்தல் என்னும் அனுமதி முறையால் தமிழ் மாணவர்களின் பல்கலைக்கழக வாய்ப்புக் குறுகியிருந்த காலம் அது. தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமைய வேண்டும் என்று தமிழ்த் தேசியக் கட்சியினர் நெடுநாள் கேட்டுவந்தனர். இடதுசாரிகள் பங்கேற்ற அரசு இடதுசாரி ஒருவரை நியமித்தது அரசியல் என்பர் ஒரு சாரார். தகுதிக்குரிய தெரிவு என்பர் மறுசாரார். இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம்.

தமிழ் மாணவரோடு சிங்கள மாணவரும் வளாகத்தில் படித்தனர். 1977 ஜூலையில் ஆட்சி மாறியது; அம்மாதத்தோடு அவர் தலைமையும் முடிந்தது. அடுத்த மாத இனக் கலவரத்தையொட்டிச் சிங்கள மாணவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போயினர்.

இறுதி

தலைமைப் பதவிக்குப் பின் அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். பாரதியையும் தாகூரையும் ஒப்பிட்ட ‘இரு மகாகவிகள்’ அவருடைய முதல் நூல்களில் ஒன்று. பாரதி நூற்றாண்டு நிறைவுக்கு ஐந்து நாள் இருக்க, கொழும்பில் 49ஆம் வயதில் காலமானார். ‘பாரதி ஆய்வுகள்’ அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உள்ள கைலாசபதி கலையரங்கம் அவர் பெயரால் அமைந்தது.