தங்கவயல் காத்த ‘தமிழன்’

சென்ற வாரம் கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்கினோம். இந்த வாரம் மேலேறி ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் வருவோம். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெண்புழுதி இங்கே வீட்டுத் திண்ணைவரை வந்து படியும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின் இந்த மேடுகள்தான் மிஞ்சின என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பண்டிதரின் எழுத்தையும் தங்கவயல் மக்கள் மிச்சம் வைத்தார்கள்.

அந்தப் பண்டிதர் அயோத்திதாசர், 1845-ல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன், பாடம் சொன்ன ஆசானின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். தொழில் சித்த வைத்தியம். தீண்டாமைக்கு ஆளானவர்களே இம்மண்ணின் பூர்வகுடிகள், பூர்வ பௌத்தர்கள் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். 1898-ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் பெற்றார். திரும்பியதும் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். பஞ்சமர் பிள்ளைகளுக்கு ஆல்காட் இலவசப் பள்ளிகள் திறந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

1907 ஜூன் 19, புதன்கிழமை. அவருடைய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வெளிவந்தது. நான்கே பக்கம், விலை காலணா. மறு ஆண்டு பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது.

அதே 1907-ல் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை எழுந்தது. முன்னின்றவர் எம்.ஒய். முருகேசர். பின்னின்றவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்து, சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக்குக் கல்லுடைத்தவர்கள். தட்டி வீட்டில் குடியிருப்பு. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் விளக்கைச் சுற்றி உட்கார, எழுத்தறிந்த ஒருவர் ‘தமிழன்’ இதழை வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் நுழைய விடப்படாதவர்களுக்குப் பள்ளிக்கூடமே தொழிலாளர் லைனுக்கு வந்து சேர்ந்தது என்றுதான் நான் சொல்வேன்.

1914 மே 5-ல் பண்டிதர் மறைந்தார். பின்னர் இதழும் நின்றுபோயிற்று. 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ இதழை மறுபடி கொண்டுவந்தார். இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையில் வெளியானது 1999-ல்தான். இடைப்பட்ட 85 ஆண்டுகளில் அவர் பெயர் அழியாமல் நின்றதில் கல்விமான்களைவிடக் கூலித் தொழிலாளிக்கே பெரிய பங்கு.

தங்கவயல் வாசகர்களே, பாட்டனார் பெட்டியிலோ பரணிலோ பழைய ‘தமிழன்’ ஒரு தாள் கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓரிடத்தில் காட்டுங்கள்.

(தொடரும்)