சவுக்குக் கம்பில் ஏறிய வெள்ளரி

1690-ஆம் ஆண்டில், செஞ்சிக் கோட்டையில் இருந்த மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சின்னக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கடலூருக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டை அது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் செஞ்சியை முற்றுகையிட வந்துகொண்டிருந்த நேரம். ராஜாராமுக்குப் பணம் தேவை. கம்பெனிக்கு இடம் தேவை. கோட்டையோடு சுற்றுவட்டார ஊர்களும் சேர்த்தி. எதுவரை? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரை. கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. புனித டேவிட் கோட்டையின் கதை இது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

கம்பெனிக்கு அந்த இடம் எதற்கு? துணிக்கு. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு ஐரோப்பாவில் அப்போது அப்படியொரு பசி. வாங்கும் முறை எளிமையானது. கம்பெனி உள்ளூர் வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளியிடம் கொடுப்பார். மாதிரித் துணி ஒன்று இருக்கும். நெய்து வருவது அதற்கு ஒத்திருக்க வேண்டும். கிடங்கில் பிரித்துப் பார்ப்பார்கள், தரம் போடுவார்கள். தரம் குறைந்தால் விலை குறையும், இல்லையென்றால் துணி திரும்பி வரும். திரும்பி வந்த துணியை என்ன செய்வது என்பது நெசவாளியின் பாடு. வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நிற்கும்.

முன்பணம், மாதிரி, தரம் பிரித்தல், திருப்பி அனுப்புதல். இந்த நான்கு சொற்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துணியை எடுத்துவிட்டு வெள்ளரிப் பிஞ்சை வைத்தால், முந்நூறு வருடம் கழித்து அதே கதையை இன்னொரு முறை சொல்லலாம்.

நடுவில் வேறு சில பயிர்களும் வந்து போயின. அவுரி வந்தது, போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த நிலக்கடலை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய், எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. எங்கள் பக்கம் இன்றும் யாரும் நிலக்கடலை என்று சொல்ல மாட்டார்கள். மல்லாட்டைதான். மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென்னமெரிக்காவில் பிறந்து, பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சுமந்துகொண்டு, பிரெஞ்சுக்காரன் சோப்புக்காக விளைந்த பயிர். செஞ்சிச் சந்தை உலகத்தோடு எப்போதிலிருந்து இணைந்திருக்கிறது என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

வெள்ளரியின் முறை 1990-களின் தொடக்கத்தில் வந்தது. கெர்கின் என்று வணிகத்தில் சொல்லப்படும் இந்தப் பிஞ்சு வெள்ளரி முதலில் கர்நாடகத்தில் ஏற்றுமதிப் பயிராகத் தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. ஒன்றிய அரசு 2022 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகிலேயே அதிகமாக வெள்ளரியும் கெர்கினும் ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. 2020-21-ல் மட்டும் 2,23,515 டன். ஒப்பந்த முறையில் இதைப் பயிரிடும் சிறு, குறு விவசாயிகள் சுமார் 90,000 பேர். பரப்பு 65,000 ஏக்கர். உலகத் தேவையில் ஏறக்குறைய 15 சதவீதம் இங்கிருந்து போகிறது. அமெரிக்காவில் பர்கருக்குள் இருக்கும் புளிப்பு வில்லை, பிரான்சில் குளிர்ந்த இறைச்சியோடு கடித்துக்கொள்ளும் 'கார்னிஷோன்', இரண்டிலும் நம்மூர்க் கை பட்டிருக்க வாய்ப்பு உண்டு. 1750-லிருந்து 1761 வரை செஞ்சிக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கோட்டை போனது, அவர்களுடைய ஊறுகாய் மட்டும் இங்கே விளைகிறது.

இதில் இன்னொரு சுற்றும் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். வெள்ளரி இந்தியாவின் பயிர். இமயமலை அடிவாரத்தில் அதன் காட்டு மூதாதை இன்றும் கசப்பாகக் காய்க்கிறது. இங்கிருந்து மேற்கே ஐரோப்பாவுக்கும் கிழக்கே சீனாவுக்கும் போனது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வெள்ளரியை அடிச்சாம்பல் நோய் வாட்டியபோது, அதைத் தாங்கும் குணத்தை ஆராய்ச்சியாளர்கள் உலகெங்குமிருந்து சேகரித்த விதைகளில் தேடினார்கள். கிடைத்தது, இந்தியாவிலிருந்து போன ஒரு விதை மாதிரியில். பி.ஐ. 197087 என்பது அதன் எண். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்தக் குணம் பல அமெரிக்க ரகங்களுக்குள் போனது. 2004-ல் நோய்க்கிருமி தன்னை மாற்றிக்கொள்ளும் வரை நாற்பது வருடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அதே காலத்தில், பெரும்பாலும் பெண் பூக்களே பூக்கும் கலப்பின ஊறுகாய் வெள்ளரியை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அதற்கான மூலக் குணம் கொரிய விதை ஒன்றிலிருந்து வந்தது. இவையெல்லாம் கலந்து மெருகேறிய கலப்பின விதைகள், வெள்ளரி பிறந்த நாட்டுக்கே பன்னாட்டு விதை நிறுவனங்களின் பொட்டலத்தில் திரும்பி வந்தன. விளைந்தது மறுபடி கப்பலேறுகிறது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி: நம்மிடம் இருந்த ஒன்றை யாரோ எடுத்துத் திருத்தி, பதிப்பு எண் போட்டு, உரிமத்தோடு நமக்கே விற்பது.

சரி, பந்தலுக்கு வருவோம்.

தமிழில் கொடிகளுக்குத் தாங்கு கொடுப்பதற்குச் சொல் பஞ்சமில்லை. கொழுகொம்பு என்ற ஒரு சொல்லே போதும். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியைக் கொடை வள்ளல் என்று படித்திருக்கிறோம். பொறியியல் படித்தவன் கண்ணுக்கு, அவன் அவசரத்துக்குக் கையில் இருந்ததை வைத்துத் தாங்கு அமைத்தவன். ஆனால் முல்லையும் வெள்ளரியும் ஏறும் விதம் வேறு. முல்லை தண்டையே சுற்றி ஏறும். வெள்ளரிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி உண்டு. அது நுனியால் ஒன்றைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். பிறகு நடுவில் ஸ்ப்ரிங் போலச் சுருண்டு கொடியை இழுத்துக்கொள்ளும். இரண்டு முனையும் கட்டுண்டிருப்பதால் ஒரே திசையில் சுருள முடியாது. பாதி வலமாக, பாதி இடமாக, நடுவில் ஒரு திருப்பம். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே அனுப்பிய காட்டு வெள்ளரி இனத்தின் விதைகளை முளைக்கவைத்துப் பார்த்த டார்வின், படர்கொடிகளைப் பற்றி 1865-ல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். 2012-ல் மகாதேவன் உள்ளிட்ட ஹார்வர்டு குழு வெள்ளரியின் பற்றுக்கம்பியைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இரண்டு அடுக்குச் செல்களால் ஆன ஒரு நாடா. ஓர் அடுக்கு மற்றதைவிட அதிகமாகச் சுருங்குவதால் சுருள் விழுகிறது. முதிர்ந்த பற்றுக்கம்பியைப் பிடித்து இழுத்தால், நாம் நினைப்பதற்கு மாறாக, சுருள் பிரியாமல் மேலும் கொஞ்சம் சுற்றிக்கொள்ளும். காற்றில் ஆடும் கொடிக்கு இதைவிட நல்ல அதிர்வுதாங்கி கிடையாது.

வெள்ளரியை நம் ஊரில் பெரும்பாலும் தரையில்தான் படரவிட்டார்கள். ஆற்றுப் படுகையில், ஏரி வற்றிய ஈரத்தில். புடலைக்கும் பாகலுக்கும் அவரைக்கும்தான் பந்தல். கெர்கின் வந்தபோது பந்தல் படுக்கையிலிருந்து எழுந்து நின்றது. மேலே கூரை கிடையாது. வரிசைக்கு வரிசை கம்பு நட்டு, உச்சியிலும் நடுவிலும் கம்பி இழுத்து, செடிக்கு ஒரு சணல் கயிறோ பிளாஸ்டிக் கயிறோ தொங்கவிட்டு, கொடியை அதில் ஏற்றிவிடுவது. என் சித்தப்பா இதைப் பந்தல் என்று சொன்னதே இல்லை. "வேலி கட்டியிருக்கேன்" என்பார்.

கம்பு சவுக்கு. இதுவும் வந்தேறிதான். சென்னை மாகாணத்தில் ரயில் ஓடத் தொடங்கியபோது எஞ்சினுக்கு எரிக்க விறகு போதவில்லை. 1860-களிலிருந்து கிழக்குக் கரை மணலில் பெரிய அளவில் சவுக்கு நட்டார்கள். நிலக்கரி வந்த பிறகும் சவுக்கு போகவில்லை. கட்டடத்துக்குச் சாரமாக, காகித ஆலைக்குக் கூழாக, கல்யாணப் பந்தல்காலாக விழுப்புரம், கடலூர் பக்கம் நிலைத்துவிட்டது. ரயிலுக்காக வந்த மரத்தில் பர்கருக்கான காய் ஏறுகிறது.

சித்தப்பா செஞ்சிக்கு வெளியே, திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில், 2018-ல் அரை ஏக்கரில் இதைப் போட்டார். விதை, உரம், மருந்து எல்லாம் நிறுவனம் கடனாகக் கொடுத்தது. காய் பணத்தில் கழித்துக்கொள்ளும். கம்பும் கம்பியும் கயிறும் கூலியும் அவருடையது. வரிசைக்கு வரிசை நான்கடி. அரை ஏக்கருக்கு 5,445 அடி நீள வேலி. பத்தடிக்கு ஒரு கம்பு என்றால் 545 கம்பு. அங்கேதான் முதலீடு போய் உட்கார்ந்தது.

இவ்வளவு செலவு எதற்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரசு அறிக்கை சொல்லும் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 4 டன். அரை ஏக்கருக்கு 2 டன். 545 கம்புக்குப் பிரித்தால், முழுப் பருவத்திலும் ஒரு கம்புக்கு நான்கு கிலோகூட வராது. அதுவும் ஒரே நாளில் இல்லை, ஐம்பது நாளுக்கு மேல் பரவி வருவது. காயின் எடையைத் தாங்க வேலி தேவையே இல்லை. மழையில் நனைந்த இலையையும், அந்தப் பச்சைச் சுவரில் மோதும் காற்றையும்தான் கம்பு தாங்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் வேலியின் வேலை என்ன? ஒன்று, இலை சீக்கிரம் காய்வது. ஈரம் நிற்கும் இலையில்தான் அடிச்சாம்பல் இறங்கும். தரையில் கிடந்தால் காய் மண் பட்டு அழுகவும் செய்யும். இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் பட்டது: கண்ணுக்குத் தெரிவது.

கெர்கினின் விலை எடையில் மட்டும் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கிலோவில் 160 காய்க்கு மேல் நின்றால் முதல் தரம். ஒரு காய் ஆறு கிராம்தான், சுண்டுவிரல் கனம். அடுத்தது 100-லிருந்து 160, பிறகு 60-லிருந்து 100, கடைசியாக 30-லிருந்து 60. அதற்கும் பெருத்தால் கழிவு. தரம் இறங்க இறங்க விலை இறங்கும். இந்தப் பிஞ்சு ஒரே ராத்திரியில் ஒரு தரம் தாண்டிவிடும். தரையில் இலைக்கு அடியில் ஒளிந்து தப்பிய காய் மறுநாள் கழிவு. வேலியில் அது கண் மட்டத்தில் தொங்குகிறது. அறுக்க வந்த பெண்கள் குனியாமல், ஒரு வரிசையில் போய் மறு வரிசையில் திரும்புகிறார்கள். ராஜகிரி மேல் ஏறி நின்றால் எந்தத் திசையிலிருந்து படை வந்தாலும் தெரியும் என்பார்கள். வேலியும் அதற்குத்தான்.

ஜெர்மனியில் ஷ்பிரேவால்ட் என்ற பகுதியின் ஊறுகாய் வெள்ளரிக்கு 1999 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. 'குட்பை லெனின்' படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். அங்கே கொடி தரையில் கிடக்கும். விமானச் சிறகு போன்ற மேடையை டிராக்டர் மெதுவாக இழுக்க, தொழிலாளர்கள் அதன்மேல் குப்புறப் படுத்தபடியே பறித்துக்கொண்டு போவார்கள். எப்படிப் பார்த்தாலும் இது கையால்தான் பறிக்க வேண்டிய காய். அதனால்தான் பிரான்சின் கார்னிஷோன் கூலி மலிந்த நாடுகளைத் தேடி வந்தது.

சித்தப்பா வயலில் வேலி நன்றாகவே நின்றது. முப்பத்தைந்தாம் நாள் காய் தொடங்கியது. முதல் மூன்று வாரம் நல்ல தரம், நல்ல பணம். பிறகு ஒரு வாரம் நிறுவனத்தின் வண்டி இரண்டு நாள் வரவில்லை. ஆலையில் இடமில்லை, அறுக்காதீங்க என்று போனில் சொன்னார்களாம். மூன்றாம் நாள் வண்டி வந்தபோது வேலி முழுக்கக் காய் பெருத்திருந்தது. மையத்தில் கொட்டிப் பிரித்ததில் பாதிக்கு மேல் கழிவு. நான் போனில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன்.

"இங்கிலீசுல ரெண்டு பக்கம் இருக்குதுடா. காய் எப்படி இருக்கணும்னு எல்லாம் போட்டுருக்கான். வண்டி எப்ப வரணும்னு எங்கியும் போடல."

அன்றைக்குக் கழிந்ததை ஆடு மாடுகளுக்குப் போட்டார்கள். மிச்சத்தைச் சித்தி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். "தண்ணியா இருக்குது, நம்ம பிஞ்சாட்டம் இல்ல" என்பது தீர்ப்பு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அந்தக் காயை ஒருவரும் வாங்க மாட்டார்கள். ஒரே ஒருவர் மட்டுமே வாங்கக்கூடிய பொருளை விளைவித்தவனுக்குப் பேரம் பேச வாய் ஏது? நெசவாளியாவது திரும்பி வந்த துணியை வேறு வணிகரிடம் தள்ளிவிட முயன்றிருப்பான்.

மறு ஆண்டு, 2019-ல், தமிழ்நாட்டின் ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.  ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும், கையெழுத்திட்ட நாளின் விலையைத் தர வேண்டும் என்கிறது சட்டம். நல்லதுதான். ஆனால் விலை குறைவது வேறு, தரம் குறைவது வேறு. பேசிய விலையைச் சட்டம் காப்பாற்றும். செடியில் தொங்கும்போதே முதல் தரத்திலிருந்து கழிவுக்குப் போகும் காய்க்கு, தாமதமான அந்த இரண்டு நாள் யார் கணக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைத்தால்தான் உண்டு. எழுதச் சொல்லிக் கேட்கும் பலம் அரை ஏக்கர்காரருக்குத் தனியாக வராது. அதே அரசு அறிக்கை ஏக்கருக்கு 80,000 ரூபாய் வரவு, 40,000 நிகரம் என்கிறது. அந்தச் சராசரிக்குள் வண்டி வராத நாட்களும் எங்கோ இருக்கின்றன.

சித்தப்பா அடுத்த பருவம் கெர்கின் போடவில்லை. கம்புகளைப் பிடுங்காமல் பாகலும் பீர்க்கனும் ஏற்றினார். விலை ஏறினாலும் இறங்கினாலும் செஞ்சிச் சந்தையில் நாலு பேர் கேட்பார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சங்கராபரணி கரை மீறியது. கம்புகளில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டன. தண்ணீர் வடிந்த பிறகு, உளுத்ததை விறகுக்கு ஒதுக்கிவிட்டு, தேறியதைப் பொறுக்கி அவரைக்கு நட்டிருக்கிறார். இந்த முறை ஐந்தடிக்கு ஒன்று.