‘சேம் லைக்’ பிழையா? ஆங்கில ஒப்பீட்டுச் சொற்களும் காவிரிப் படுகை நெல்வழக்கும்

கல்லூரி முதலாண்டு ஆங்கில வகுப்பில், தெரிந்த இரண்டு பொருள்களை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தேன். பாபநாசம் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் நெல்லை எடுத்துக்கொண்டார். ‘ஆடுதுறை 43 இஸ் சேம் லைக் ஆடுதுறை 36, பட் ஆடுதுறை 43 இஸ் சன்னம் தேன் ஆடுதுறை 36’ என்று எழுதியிருந்தார். சன்னத்துக்கு ஆங்கிலம் கிடைக்காமல் தமிழையே விட்டுவிட்டார். ‘சேம் லைக்’கின் அடியிலும் ‘சன்னம் தேன்’ அடியிலும் சிவப்பு மையால் கோடிட்டேன். இரண்டாவது கோடு சரி. முதல் கோடு நியாயம்தானா என்ற ஐயம் மட்டும் பிறகு விடவில்லை.

ஒற்றுமை வேற்றுமை சொல்லும் ஆங்கிலச் சொற்களை நம் வகுப்பறைகளில் பட்டியலாகத்தான் கொடுக்கிறோம். சிமிலர் என்றால் ஒத்த, டிஃபரன்ட் என்றால் வேறுபட்ட, வேர்ஆஸ் என்றால் ஆனால், லைக்வைஸ் என்றால் அதுபோலவே. மாணவர் மனப்பாடம் செய்கிறார், எழுதும்போது தடுமாறுகிறார். சொல்வளம் போதவில்லை என்று நாம் முடிவுகட்டுகிறோம். குறை பட்டியலில் இருக்கிறது என்பது என் வாதம். இரு மொழிகளும் ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒரே இடத்தில் வரப்புக் கட்டிப் பிரிப்பதாகப் பட்டியல் எடுத்துக்கொள்கிறது. அவை அப்படிப் பிரிப்பதில்லை.

‘சன்னம் தேன்’ என்பதை முதலில் பார்த்துவிடலாம். அதில் சிக்கல் அதிகமில்லை. ஆங்கிலம் பெயரடையிலேயே விகுதி சேர்த்து மிகுதியைக் காட்டும். தமிழில் பெயரடை மாறுவதில்லை. ‘விட’, ‘காட்டிலும்’ என்று ஒப்பிடப்படும் பொருளின் பக்கமே எல்லாச் சுமையும் விழுகிறது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இந்த இயல்பைத் திராவிட மொழிகளுக்குப் பொதுவானதாகச் சுட்டியிருக்கிறார். மாணவர் ‘விட’வை ‘தேன்’ என்று மாற்றியதும் வேலை முடிந்ததாக நினைத்தார். இந்தப் பிழையின் காரணத்தை ஒரே வகுப்பில் விளக்கிவிடலாம்.

அடுத்தது ஆழமானது. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் கொண்டார். விலகிப்போவதற்கும் ஒத்திருப்பதற்கும் ஒரே உருபு. ‘பாலின் வெளிய சோறு’ என்று நான் சொன்னால், சோறு பால்போல வெளுத்திருக்கிறது என்றும் கொள்ளலாம். பாலையும் மிஞ்சி வெளுத்திருக்கிறது என்றும் கொள்ளலாம். தொல்காப்பிய உரைகாரர் சேனாவரையர் இதைக் கவனித்தே பொருவு என்பதை உவமப்பொரு (ஒத்தல்), உறழ்பொரு (மிஞ்சுதல்) என்று இரண்டாகப் பிரித்தார். ‘பாலினும்’ என்று ஓர் உம்மையைச் சேர்த்தால்தான் மிஞ்சுதல் உறுதியாகிறது. ஆங்கிலத்தில் ‘ஆஸ் வைட் ஆஸ்’ என்பதா, ‘வைட்டர் தேன்’ என்பதா என்று வாய் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். தமிழ் அந்த முடிவைக் கேட்பவரிடம் விட்டுவைக்க இடம் தருகிறது.

தொல்காப்பிய உவமவியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உவமை தோன்றும் இடம் வினை, பயன், மெய், உரு என நான்கு. ஒவ்வொன்றுக்கும் சிறப்பாக உரிய உருபுகள் எட்டெட்டாகச் சொல்லப்பட்டுள்ளன. அவற்றுள் எள்ள, வெல்ல, கள்ள, மறுப்ப, உறழ என்பனவும் உண்டு. இகழ்வதும் வெல்வதும் களவாடுவதும் மறுப்பதும் ஒப்புமைக்குப் பெயராகியிருக்கின்றன! இரண்டு பொருள் போட்டியிட வேண்டுமானால் அவை ஒரே களத்தில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னே இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆங்கிலத்துக்கும் இது முழுக்க அந்நியமல்ல. சேலைக்கு ‘மேட்சிங்’ ரவிக்கை தேடும் வீட்டில்தான் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ‘மேட்ச்’ ஓடுகிறது. ஒன்று பொருத்தம், மற்றது போட்டி. ஆனால் ஆங்கிலத்தில் இது ஓரிரு சொல்லோடு நின்றுவிட்டது. நம் இலக்கணமோ இதற்கு உருபுப் பட்டியலிலேயே இடம் கொடுத்து வைத்திருக்கிறது.

இப்போது ‘சேம் லைக்’. டெல்டாக்காரர் ‘அதே நெல்’ என்றால் ஒன்று. ‘அதே மாதிரி நெல்’ என்றால் வேறு. முதலாவது அந்த நெல்லேதான், சென்ற ஆண்டு கோட்டை கட்டி வைத்த விதையிலிருந்து வந்தது. இரண்டாவது பார்வைக்கோ வயதுக்கோ குணத்துக்கோ ஒத்துப்போகிற இன்னொரு நெல். ஆங்கிலத்தின் ‘சேம்’ இவ்விரண்டையும் ஒரே சாக்கில் கொட்டுகிறது. ‘ஷி வேர்ஸ் தி சேம் சாரி’ என்றால் அதே சேலையா, அதே ரகச் சேலையா என்று சூழலைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். மாணவர் தம் மொழியில் உள்ள வேறுபாட்டைக் காப்பாற்றப் பார்த்தார். ‘மாதிரி’யைக் கைவிட மனமின்றி ‘லைக்’கை ஒட்டவைத்தார். வாக்கியம் பிழை, அதன் பின்னுள்ள பகுப்பு ஆங்கிலத்தைவிடக் கூர்மையானது. அவருக்கு நாம் தந்திருக்க வேண்டியது ‘சிமிலர்’ என்ற சொல்லும், எதில் சிமிலர் என்ற கேள்வியும்.

அந்த ‘எதில்’ என்பதுதான் நெல்வழக்கில் தாராளமாகக் கிடைக்கிறது. சம்பாவையும் தாளடியையும் எடுத்துக்கொள்வோம். ஒரே விதையை இரண்டு வயலில் விடலாம். குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போகமாக வந்தால் அது தாளடி. ஒருபோக வயலில் வந்தால் சம்பா. விதையில் வேற்றுமை இல்லை. அதற்கு முன் வயலில் என்ன நின்றது என்பதில்தான் வேற்றுமை. இதை ஆங்கிலத்தில் எழுத முயன்றால் ‘தி சேம் வெரைட்டி, எ டிஃபரன்ட் கிராப்’ என்றுதான் வருகிறது. எந்த நிலையில் ஒன்று, எந்த நிலையில் வேறு என்பதைப் பெயர் சொல்லியே ஆங்கிலத்தால் நகர முடிகிறது. உழவர் பேச்சில் அந்த நிலை சொல்லாமலே விளங்கும், ஏனெனில் பேசுபவர் கேட்பவர் இருவருக்கும் வயல் தெரியும். கட்டுரையைத் திருத்துபவருக்கு வயல் தெரியாது.

வேர்ஆஸ் என்பதற்கு ‘ஆனால்’ என்று எழுதிக்கொடுப்பதும் இப்படித்தான் தவறுகிறது. ‘குறுவை ரகத்துக்கு வயது 110 நாள், சி.ஆர். 1009-க்கோ 155 நாளுக்கு மேல்’ என்று சொல்லும்போது வேர்ஆஸ் அந்த ஓகாரத்தில் இருக்கிறது. ‘ஆனால்’ எதிர்பார்ப்பை முறிக்கும். ஓகாரம் இரண்டையும் அருகருகே நிறுத்திக் காட்டும். ‘ஆடுதுறை 43-க்கும் 110 நாள்தான்’ என்ற உம்மையில் லைக்வைஸ் அடங்கிவிடுகிறது. நமக்கு ஓரிரு எழுத்து இடைச்சொல் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையில் தனிச்சொல் வேண்டும் என்பதைச் சொல்லித்தராமல், பட்டியலை மட்டும் நீட்டுகிறோம்.

சொல் தேர்வு காசாகவும் மாறும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைச் சன்ன ரகம், பொது ரகம் என்று பிரிக்கிறார்கள். ஊரில் பொது ரகத்துக்கு மோட்டா என்றே பேச்சு. அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து 2.5 அல்லது அதற்கு மேல் வந்தால் மத்திய அரசின் விதிப்படி ‘கிரேடு ஏ’, குறைந்தால் ‘காமன்’. 2024-25 பருவத்தில் குவிண்டாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை முறையே 2,320 ரூபாய், 2,300 ரூபாய். சன்னம் என்பது கைவிரலில் உருட்டிப் பார்த்துச் சொல்லும் அளவு. அது கூடும், குறையும். அரசாங்கம் அதில் ஒரு புள்ளியைக் குத்தி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு என்றது. வேற்றுமையின் விலை இருபது ரூபாய்.

பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் (2001) பேசும் ‘டிஸ்டிங்க்ட்’ என்ற சொல்லும் இத்தகையது. ஏற்கெனவே அறிந்த எந்த ரகத்திலிருந்தும் குறைந்தது ஓர் இன்றியமையாத பண்பிலாவது புதிய ரகம் தெளிவாகப் பிரிந்து நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். ‘டிஃபரன்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் சட்டம் நிற்காது. கொஞ்சம் வேறுபட்டாலும் அது டிஃபரன்ட்தான். இதைத் ‘தனித்தன்மை’ என்று பெயர்க்கும்போது ‘தனி’ என்பதோடு ஒட்டிவரும் பாராட்டும் உள்ளே நுழைந்துவிடுகிறது; ஆங்கிலச் சட்டச் சொல்லில் அந்தப் பாராட்டு இல்லை. விதைப்பண்ணை உழவர்கள் வயலில் இறங்கிக் ‘கலவன்’ எடுக்கும்போது செய்வதே ‘டிஸ்டிங்க்ட்’ என்பதற்கு நல்ல விளக்கம். உயரத்தாலோ கதிராலோ பூக்கும் நாளாலோ ஒத்துப்போகாத தூரை, எதனால் ஒத்துப்போகவில்லை என்று கண்டு பிடுங்குகிறார்கள்.

படுகையின் பள்ளி, கல்லூரிகளில் ஆங்கிலம் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சேம் லைக்’, ‘குட் தேன்’ என்று வரும் வாக்கியங்களைத் திருத்துமுன் ஒரு நோட்டில் அப்படியே எழுதி வையுங்கள். பக்கத்தில், மாணவர் தமிழில் சொல்ல வந்தது என்னவென்று கேட்டு அதையும் எழுதுங்கள். மூன்று பருவம் சேர்த்தால் நமக்கான பாடநூலுக்கு அதுவே மூலப்படி.