சராசரி நோயாளி என்று ஒருவர் இல்லை: காசநோய் மருந்தளவும் கணித மாதிரியும்

கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று மருந்தளவை வகுப்பது மருத்துவத்தின் நெடுநாள் வழக்கம். அதைக் கணக்கு என்கிறோமே தவிர, கணித மாதிரி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் உடல் எடை இருமடங்கானால் மருந்தை அகற்றும் திறனும் இருமடங்காகும் என்ற ஊகம் அந்த வழக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வெளிப்படச் சொல்லாத ஊகத்தை யாரும் சோதிக்கவும் மாட்டார்கள். மருந்து உடலில் பரவி வெளியேறும் விதத்தை ஆராயும் மருந்தியக்கவியலில் கணித மாதிரியின் முதற்பயன், இத்தகைய ஊகங்களைச் சமன்பாடாக எழுதிவைத்துத் தரவின் முன் நிறுத்துவதே என்பது இக்கட்டுரையின் வாதம். காசநோய் மருந்துகளின் வரலாறு அதற்குச் சான்று.

ஸ்வீடனைச் சேர்ந்த டார்ஸ்டன் டியோரெல் 1937-இல் உடலைச் சில அறைகளாகப் பிரித்து, ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு மருந்து பாயும் வேகத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளில் எழுதினார். இருக்கும் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் மருந்து வெளியேறுகிறது என்று கொண்டால், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். அதுவே அரைவாழ்வு. இன்றைய சிக்கலான மாதிரிகளும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவையே.

1952-இல் காசநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியசிட்டை எடுத்துக்கொள்வோம். கல்லீரலில் உள்ள என்.ஏ.டி.2 என்னும் நொதி அதைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதியின் வேகம் மரபணுவைப் பொறுத்தது. வேகமாகச் சிதைப்பவர்களிடம் அரைவாழ்வு ஏறத்தாழ 1 மணி நேரம். மெதுவாகச் சிதைப்பவர்களிடம் ஏறத்தாழ 3 மணி நேரம். இருவரும் ஒரே உச்ச அளவில் தொடங்கினாலும், 12 மணி நேரம் கழித்து முதலாமவரிடம் 4096-இல் ஒரு பங்கும் இரண்டாமவரிடம் 16-இல் ஒரு பங்கும் எஞ்சும். இடைவெளி 256 மடங்கு. சராசரியாக 2 மணி நேரம் என்று கணக்கிட்டால் 64-இல் ஒரு பங்கு என விடை வரும். அது இவ்விரு வகையினரில் எவருக்கும் பொருந்தாது.

இந்த வேறுபாடு நோயாளியின் விதியையே மாற்றியதைச் சென்னை கண்டது. 1956-இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், பிற்காலத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வாரம் ஒருமுறை மருந்து தரும் முறைகளை ஆராய்ந்தது. அவற்றில் வேகமாகச் சிதைப்பவர்கள் குணமடையும் விகிதம் குறைந்திருந்தது. தினசரி மருந்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. முதல் நாளின் குறையை மறுநாள் மாத்திரை ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே மரபணு மட்டும் தனியாக விளைவைத் தீர்மானிக்கவில்லை. மரபணுவும் மருந்து தரும் இடைவெளியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சமன்பாடு வேண்டும்.

எடை கூடும் அதே விகிதத்தில் அகற்றுதிறனும் கூடும் என்ற நேர்கோட்டு ஊகம் குழந்தைகளிடம் இன்னும் மோசமாகத் தோற்கிறது. அகற்றுதிறன் எடையின் முக்கால் அடுக்கில் வளர்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட தொடக்கக் கருதுகோள். அதன் வேர் 1932-இல் மாக்ஸ் கிளைபர் விலங்குகளின் வளர்சிதை மாற்றத்தில் கண்ட உறவில் இருக்கிறது. 50 கிலோ பெரியவரையும் 12 கிலோ குழந்தையையும் ஒப்பிடுவோம். குழந்தையின் எடை பெரியவரின் எடையில் 24 சதவீதம். அகற்றுதிறனோ ஏறத்தாழ 34 சதவீதம். அதே மருந்துவெளிப்பாடு, அதாவது உடல் எதிர்கொள்ளும் மொத்த மருந்து, கிடைக்கக் கிலோவுக்கு 1.43 மடங்கு தரவேண்டும். கிலோவுக்கு 10 மி.கி. ரிஃபாம்பிசின் 14.3 ஆகிறது, 25 மி.கி. பைரசினமைடு 35.7 ஆகிறது, 5 மி.கி. ஐசோனியசிட் 7.1 ஆகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் குழந்தைகளுக்கான அளவுகளை உயர்த்தியபோது கிலோவுக்கு ரிஃபாம்பிசின் 15, பைரசினமைடு 35, ஐசோனியசிட் 10 மி.கி. என்று பரிந்துரைத்தது. குழந்தைகளின் இரத்தத்தில் மருந்து போதாமல் இருந்ததைக் காட்டிய அளவீடுகளே அந்த மாற்றத்துக்கு வழிவகுத்தன. முதல் இரண்டு எண்களும் காகிதக் கணக்கோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன. ஐசோனியசிட்டின் உயர்வை உடலளவு மட்டும் விளக்காது. வேகமாகச் சிதைக்கும் குழந்தையையும் காக்கும் அளவு அது என்று கொள்வதே பொருத்தம். அதுவரை பல்லாண்டுகள் குழந்தைகளுக்குக் கிலோ கணக்கில் பெரியவர்களின் அளவே தரப்பட்டது என்பதை நினைக்க வேதனையாக இருக்கிறது.

முக்கால் அடுக்கையும் கண்மூடி நம்பக் கூடாது. கைக்குழந்தையிடம் நொதி முழு வளர்ச்சி அடைந்திருக்காது; அங்கே நொதியின் முதிர்ச்சிக்கென்று தனிச் சமன்பாட்டு உறுப்பைச் சேர்க்காவிட்டால் மருந்து மிகையாகிவிடும். ஊட்டக்குறைவால் மெலிந்தவரின் எடை அவர் கல்லீரலின் திறனைச் சரியாகச் சொல்லாது. இன்னொரு மறுப்பும் வலுவானது: மாதிரி பெரும்பாலும் இரத்தத்தில் உள்ள மருந்தையே கணக்கிடுகிறது, கிருமியோ நுரையீரலின் சிதைந்த திசுவுக்குள் இருக்கிறது. அங்கு மருந்து எவ்வளவு நுழைகிறது என்பது மருந்துக்கு மருந்து மாறும். இந்த மறுப்புகளை நான் ஏற்கிறேன். ஆனால் இவை மாதிரியைக் கைவிடக் காரணமாகா. அதில் எந்த உறுப்பு விடுபட்டது என்பதையே காட்டுகின்றன.

மாதிரிக்கு வேண்டிய தரவைத் திரட்ட ஒரு குழந்தையிடம் பத்து முறை ஊசி குத்தி இரத்தம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. லூயிஸ் ஷைனரும் ஸ்டூவர்ட் பீலும் 1970-களில் சான்பிரான்சிஸ்கோவில் வளர்த்த தொகை மாதிரி முறை, பலரிடம் ஆளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் இரத்தம் எடுத்தே பொதுப்போக்கையும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து மதிப்பிடுகிறது. எனவே குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மெலிந்தவர்களையும் ஆய்வுக்கு வெளியே நிறுத்த, இரத்தம் எடுப்பதன் சிரமம் இனிக் காரணமாகாது. நம் நாட்டில் காசநோய் மருந்தாய்வு நடத்துவோர் இவர்களையும் சேர்க்க வேண்டும்; மருந்தளவு அட்டவணையை வெளியிடும்போது அதன் பின்னுள்ள சமன்பாட்டையும் ஊகங்களையும் உடன் அச்சிட வேண்டும்.