கையாலேயே தண்டவாளம், கையாலேயே பாயின்ட்... மாடல் ரயில் தடம்புரளாமல் ஓட ஒரு வழிகாட்டி!

எழும்பூர் ஸ்டேஷனுக்குள் ரயில் நுழையும்போது கவனித்திருக்கிறீர்களா? அதுவரை ஒரே சீராக வந்த பெட்டி லேசாக இடுப்பை ஆட்டும். கீழே சத்தம் 'தடக்... தடக்... தடதடதட' என்று மாறும். ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறுகிற இடம் அது. ரயில்வேக்காரர்கள் அதை 'பாயின்ட்' என்பார்கள்.

நிஜ ரயிலையே ஆட்டிப் பார்க்கிற இடம் என்றால், மேஜை மேல் ஓடும் மாடல் ரயில் என்ன ஆகும்? நேர்த் தடத்தில் ராஜா மாதிரி போகும் எஞ்சின், பாயின்ட்டுக்கு வந்ததும் துள்ளும், முறைத்துக்கொண்டு நிற்கும், சில நேரம் கவிழ்ந்தே விடும். நாலு தடவை கையால் தூக்கி வைத்தால் ஆசையே வடிந்துவிடும். அப்புறம் என்ன, அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட வேண்டியதுதான்!

உங்கள் ரயிலும் பரணுக்குப் போய்விட்டதா? கீழே இறக்குங்கள். இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. அந்த பாயின்ட்டை நீங்களே கையால் செய்துவிடுவது!

கடையிலேயே கிடைக்குதே, எதுக்கு இந்த வம்பு?

நியாயமான கேள்விதான். பதில் தெரிய கொஞ்சம் பிரிட்டன் வரை போய்வர வேண்டும்.

அமெரிக்கா, ஐரோப்பாவில் பிரபலமான அளவு 'ஹெச்.ஓ.' நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. நிஜ ரயிலின் 1435 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ஆனால், பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் கொஞ்சம் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார்கள் இந்த அளவு எஞ்சினுக்குள் அடங்கவில்லை. அதனால் எஞ்சினை மட்டும் 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை 16.5 மி.மீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். 'டபுள் ஓ' பிறந்த கதை இதுதான். 1938-ல் வந்த 'ஹார்ன்பி டப்ளோ' அதை பிரிட்டன் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

விளைவு? இந்த அளவுக்கு அகலம் 18.83 மி.மீ. இருக்க வேண்டும். நிஜத்துக்கு மாற்றினால் சுமார் 7 அங்குலம் குறைச்சல்! முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் குட்டைக்கால் போட்டு நிற்பதுபோல இருக்கும்.

இதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் அரத்தையும் சால்டரிங் அயர்னையும் கையில் எடுத்தார்கள். ஒரு கூட்டம் 18 மி.மீட்டருக்குப் போனது. 'எய்ட்டீன் மில்லிமீட்டர்' என்பதன் சுருக்கமே 'இ.எம்.' பின்னாளில் அது 18.2 மி.மீ. ஆனது. இன்னொரு கூட்டம் 'ஒரு பிசிறுகூட இருக்கக் கூடாது' என்று 18.83-க்கே போய்விட்டது. அதன் பெயர் 'பி-4'. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில், ராய் இங்கிலாந்து என்பவர் 1954-ல் தொடங்கிய பெண்டன் மியூசியம் இருக்கிறது. 1920, 30-களின் ஆங்கிலேயக் கிராமப்புறத்தை அப்படியே குட்டியாகச் செய்துவைத்திருக்கும் அங்கே ரயில்கள் ஓடுவது இ.எம். தடத்தில்தான்.

ஆனால், அகலத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கிய பாயின்ட்டில் ரயில் கவிழ்ந்தால் ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்களே செய்த பாயின்ட்டில் கவிழ்ந்தால், எந்த இடம், எத்தனை புள்ளி மில்லிமீட்டர் என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவீர்கள். ஈயத்தை உருக்கி நகர்த்தினால் வேலை முடிந்தது.

பாயின்ட்டுக்குள் என்னதான் இருக்கு?

மூன்றே உறுப்புகள். பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

முதலாவது, நாக்கு. ரயில்வேயில் 'டங் ரெயில்' என்றே பெயர். கத்தி முனைபோல மெலிந்துபோகும் இரண்டு தண்டவாளங்கள். ஒன்று ஓரத் தண்டவாளத்தோடு ஒட்டும்போது மற்றொன்று விலகும். எது ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து ரயில் நேராகப் போகும் அல்லது திரும்பும்.

இரண்டாவது, கிராஸிங். நேர்த் தடத்தின் தண்டவாளமும் திரும்பும் தடத்தின் தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டும் இடம். நடுவில் 'வி' வடிவ மூக்கு. அதன் இரு பக்கமும் சிறகுபோல 'விங் ரெயில்'. மூக்குக்கும் சிறகுக்கும் நடுவே சக்கரத்தின் விளிம்பு போக ஒரு சந்து. அந்தச் சந்தைத் தாண்டும் கணத்தில் சக்கரத்துக்கு வழிகாட்ட அந்தப் பக்கம் எதுவும் கிடையாது. தடம்புரள்வது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, செக் ரெயில். மூக்குக்கு நேர் எதிரே, ஓரத் தண்டவாளத்தின் உள்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் சின்னத் துண்டு. மூக்கைத் தாண்டும் சக்கரத்தின் ஜோடிச் சக்கரத்தை இது முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொள்ளும். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தப்பான சந்துக்குள் போய்விடாமல் கையைப் பிடித்து இழுக்கும் அம்மா மாதிரி!

மனப்பாடம் செய்ய வேண்டிய 4 எண்கள்

இ.எம். அளவில் செய்தால் இவைதான் வேத வாக்கு.

* தண்டவாள அகலம்: 18.2 மி.மீ.
* விளிம்பு போகும் சந்து: 1.0 மி.மீ.
* செக் ரெயிலின் உரசும் முகத்திலிருந்து மூக்கு வரை: 17.2 மி.மீ.
* ஜோடிச் சக்கரங்களின் உள்பக்க இடைவெளி: 16.5 மி.மீ.

நாலில் உயிர்நாடி, மூன்றாவது எண். அது குறைந்தால் சக்கரம் மூக்கில் மோதும். ரொம்ப அதிகமானால் இரண்டு சக்கரமும் செக் ரெயிலுக்கும் சிறகுக்கும் இடையே இறுக்கிக்கொள்ளும். ஒரு ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அந்த அளவு பிசகினால்கூட உங்கள் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும்.

இ.எம். என்றால் கடையில் வாங்கிய வண்டிகளுக்குச் சக்கரத்தை மாற்றவோ விலக்கவோ வேண்டும். 'அவ்ளோ வேலை வேணாமே' என்பவர்கள் டபுள் ஓ-விலேயே இருக்கலாம். பாயின்ட்டை மட்டும் 16.2 மி.மீ. அகலத்தில், 1.0 மி.மீ. சந்தோடு செய்கிறார்கள் பலர். சந்து குறுகுவதால் சக்கரம் 'டொக்' என்று விழாமல் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரங்களின் உள் இடைவெளி சுமார் 14.4 மி.மீ. இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நம்மூரில் அதிகம் கையில் இருக்கும் ஹெச்.ஓ. ரயில் என்றால், 'என்.எம்.ஆர்.ஏ.' அமைப்பின் தட்டையான உலோக அளவுகோலை வாங்குங்கள். அகலம், சந்து, சக்கரம் எல்லாவற்றையும் அது ஒன்றே சோதித்துவிடும்.

என்னென்ன வேணும்?

* செம்பு பூசிய பி.சி.பி. போர்டு. இதை வெட்டித்தான் ஸ்லீப்பர் கட்டை செய்யப்போகிறோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்.
* நிக்கல் சில்வர் தண்டவாளக் கம்பி. பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. 'கோட் 75' என்றால் உயரம் 0.075 அங்குலம், அதாவது 1.9 மி.மீ. தனியாகக் கிடைக்கவில்லையா? வளையும் 'ஃப்ளெக்ஸ்' தடத்தின் பிளாஸ்டிக் கட்டைகளிலிருந்து கம்பியை உருவி எடுத்துக்கொள்ளலாம்.
* 40 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ்.
* நைஸான தட்டை அரம், சின்ன ரம்பம், டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், மல்டிமீட்டர்.
* தண்டவாள அகலத்தைப் பிடித்து நிறுத்தும் 'கேஜ்'கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்!

பி.சி.பி. போர்டை வெட்டும்போது கண்ணாடி இழைத் தூள் பறக்கும். மாஸ்க் கட்டாயம். ஈயப் புகையை முகத்துக்கு நேரே வாங்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கு டப்பா பக்கம் போகக் கூடாது.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. முதலில் படம். 'டெம்ப்ளாட்' என்ற இலவச மென்பொருளில் பாயின்ட்டின் முழு அளவுப் படத்தை வரைந்து பிரின்ட் எடுங்கள். பிரின்டர் தானாகச் சுருக்கியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நம் ரயில்வேயில் '1-க்கு 12', '1-க்கு 8½' என்பார்கள். 12 அடி முன்னே போனால் 1 அடி விலகும் கோணம். வீட்டில் அவ்வளவு இடம் ஏது? முதல் முயற்சிக்கு '1-க்கு 6' போதும்.

2. ஸ்லீப்பர்களை வெட்டி, படத்தின் மேல் டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் செம்பை ரம்பத்தால் கீறிப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும்.

3. மூக்கைச் செய்யுங்கள். இரண்டு கம்பிகளின் முனையைக் கோணத்துக்கு ஏற்ப அரத்தால் தேய்த்து, ஒன்றோடு ஒன்று பொருத்தி ஈயம் வையுங்கள். இருப்பதிலேயே பொறுமை வேண்டிய வேலை இது. முதல் மூக்கு கோணலாகத்தான் வரும். தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதைச் செய்யுங்கள்.

4. நேரான ஓரத் தண்டவாளத்தைப் பதியுங்கள். அதிலிருந்து கேஜ் வைத்து மூக்கை நிறுத்துங்கள். பிறகு 1.0 மி.மீ. தகட்டைச் சந்தில் செருகிச் சிறகுகளைப் பதியுங்கள். அதன் பிறகு வளைவான ஓரத் தண்டவாளம். நாக்கு வந்து ஒட்டும் இடத்தில் அதற்கு லேசான ஒரு மடிப்பு கொடுக்க மறக்காதீர்கள்.

5. ஈயத்தை வரிசையாக வைத்துக்கொண்டே போகாதீர்கள். நாலு கட்டைக்கு ஒன்று வையுங்கள், ஆறவிடுங்கள், கேஜ் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் நடுவில் நிரப்புங்கள். சூட்டில் கம்பி நீளும், அவசரப்பட்டால் வளைந்துவிடும்.

6. நாக்குகளைத் தேய்த்து மெலிதாக்குங்கள். விரலால் தடவினால் ஓரத் தண்டவாளத்தோடு சேருமிடம் தட்டுப்படவே கூடாது. இரண்டு நாக்கையும் ஒரு பி.சி.பி. பட்டையால் இணைத்து, அது சேர்ந்து நகரும்படி விடுங்கள். அந்தப் பட்டையின் செம்பையும் நடுவில் கீற வேண்டும்.

7. கடைசியில் செக் ரெயில். 17.2 ஞாபகம் இருக்கிறதல்லவா?

கரன்ட் விஷயம், கவனம்!

ரயில் ஒரு பக்கம் போகும்போது மூக்குக்கு பிளஸ் வேண்டும், மறுபக்கம் போகும்போது மைனஸ். அதனால் மூக்கையும் சிறகுகளையும் மற்ற தண்டவாளங்களிலிருந்து கம்பியை வெட்டித் தனியாகப் பிரித்துவிடுங்கள். நாக்கு நகரும்போதே மூக்கின் இணைப்பும் மாறும்படி ஒரு ஸ்விட்ச் வையுங்கள். நாக்கை நகர்த்தச் சின்ன சர்வோ மோட்டாரும் அர்டுயினோவும் போதும். காலேஜ் புராஜெக்ட்டுக்கு வாங்கியது எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும், எடுத்து வேலை கொடுங்கள்!

எஞ்சினை விடும் முன்...

அவசரப்பட்டு எஞ்சினை ஏற்றாதீர்கள். ஒரே ஒரு பெட்டியை எடுத்து விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். நாலு வழியிலும் போக வேண்டும். நேராக முன்னும் பின்னும், திரும்பும் தடத்தில் முன்னும் பின்னும். கண்ணைவிட விரல் நுனிக்கு அறிவு அதிகம். எங்கே சின்னதாகத் தட்டுகிறதோ அங்கே நிறுத்தி அளந்து பாருங்கள்.

ஒரே வண்டி மட்டும் கவிழ்கிறதா? தப்பு தடத்தில் இருக்காது, அந்த வண்டியின் சக்கர இடைவெளியைப் பாருங்கள். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் கவிழ்கிறதா? தப்பு பாயின்ட்டில்தான். பரணுக்குப் போன பல ரயில்களை இந்த ஒரு சோதனையே கீழே இறக்கிவிடும்.

முதல் பாயின்ட்டுக்கு ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போகும். தடம் முழுவதையும் கையால்தான் செய்ய வேண்டும் என்று சத்தியமெல்லாம் தேவையில்லை. நேர்த் தடத்தைக் கடையில் வாங்கிவிட்டு, பாயின்ட்டை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

நம்ம ஊர் ரயிலுக்கு?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம்முடைய அகல ரயில் பாதை 1676 மி.மீ. 87-ல் ஒரு பங்கு என்றால் 19.26 மி.மீ., 76-ல் ஒரு பங்கு என்றால் சரியாக 22 மி.மீ. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தடத்தில் நம்மூர் எஞ்சின் மாடலை நிறுத்தினால், அது வெளிநாட்டு அகலத்தில்தான் நிற்கும். ஊட்டி மலை ரயில் தப்பித்துக்கொள்ளும். அதன் 1000 மி.மீ., 87-ல் ஒரு பங்கில் 11.5 மி.மீ. ஐரோப்பிய மீட்டர் கேஜ் மாடல்களுக்கான 12 மி.மீ. தடம் கிட்டத்தட்டப் பொருந்திவிடும்.

ஆனால், எழும்பூரையோ மதுரையையோ சரியான அகலத்தில் மேஜை மேல் கொண்டுவர ஆசைப்பட்டால், அதற்கான தண்டவாளத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும். கேஜைக்கூட லேத் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்க வேண்டும். படம், கட்டை, மூக்கு, சிறகு, நாக்கு எல்லாம் மேலே சொன்னதேதான். எண்கள் மட்டும் மாறும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஸ்டேஷன் நெருங்கியதும் போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். பெட்டி ஆடும், சத்தம் மாறும். நாக்கு, மூக்கு, சிறகு, செக் ரெயில் என்று ஒவ்வொன்றாகத் தாண்டுவது உங்களுக்கு மட்டும் தெரியும்!