திருத்தணி வட்டத்தில் மாநில அரசு

சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகிய மூன்றும் சேர்ந்ததே மாநில அரசு. கே.ஜி.கண்டிகையும் அதைச் சுற்றியுள்ள திருத்தணிப் பகுதி ஊர்களும் ஏழே ஆண்டுகளுக்குள் இந்த மூன்றும் கைமாறியதைப் பார்த்தவை.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பகுதி கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்து, 1911-இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. அதன்பின் குடியானவருக்கும் சர்க்காருக்கும் நடுவே ஜமீன்தார் இல்லை.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சேர்க்கப்பட்டது. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் கர்நூலில். உயர்நீதிமன்றம் மட்டும் 1954 வரை சென்னையிலேயே இருந்து, பிறகு குண்டூருக்குப் போனது. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவானதும் எல்லாமே ஹைதராபாத் சேர்ந்தன. 1957-இல் சென்னை மாநிலம் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தபோது திருத்தணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆந்திரப் பகுதியில் 1955-இல் தேர்வான உறுப்பினர்களே நீடித்தார்கள்; தேர்தல் தெலங்கானாவுக்கு மட்டும்தான்.

திருத்தணி முதலிய பகுதிகளைச் சென்னை மாநிலத்தில் சேர்க்கக் கோரி ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் மொழிப் போராட்டமாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் முடிவைத் தீர்மானித்தது வருவாய்க் கணக்கிலுள்ள கிராமம். நடுவராக வந்த எச்.வி.பட்டாஸ்கர் தாலுகாவை அளவாகக் கொள்ளாமல், கிராமம் கிராமமாக மொழிப் பெரும்பான்மையையும் நில இணைப்பையும் பார்த்தார். அரசியலமைப்பின்படி மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. சம்பந்தப்பட்ட சட்டமன்றங்கள் கருத்து மட்டும் சொல்லலாம். நாடாளுமன்றம் 1959-இல் நிறைவேற்றிய எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. சென்னை சட்டமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கையும் 205-இலிருந்து 206 ஆனது.

இன்று அந்த எண்ணிக்கை 234. மேலவை 1986-இல் ஒழிக்கப்பட்டதால் தமிழ்நாட்டுக்கு ஒரே அவைதான். ஆளுநர் பெயரில் அரசு நடந்தாலும், சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது முதல்வரும் அமைச்சர்களுமே. 2003-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்படி அமைச்சரவை, சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இங்கே உச்சவரம்பு 35.

தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டையில் எடுக்கும் முடிவு ஊருக்கு வந்து சேர்வது வருவாய்த்துறை வழியாக: கலெக்டர், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), கடைசியில் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்). பரம்பரையாக வந்த கர்ணம், மணியம் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகு வந்தவரே வி.ஏ.ஓ. எல்லை மாற்றத்தைவிட இந்த மாற்றமே கிராமத்து அதிகாரத்தை அதிகம் அசைத்தது எனலாம். ஊர்க் கணக்கு ஒரே குடும்பத்தின் கையில் இருந்த நிலை அதோடு போயிற்று. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானதும் கலெக்டர் ஆபீசும் பக்கத்தில் வந்தது.

அரசின் மூன்று கிளைகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பட்டா மாறுதலில் பார்க்கலாம். கே.ஜி.கண்டிகையில் ஒருவர் நிலம் வாங்கினால் இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். வி.ஏ.ஓ.வும், உட்பிரிவு இருந்தால் சர்வேயரும் இடத்தைப் பார்ப்பார்கள். தாலுகா ஆபீசில் உத்தரவு வரும். இதற்கு அடிப்படை சட்டமன்றம் இயற்றிய 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டம். உத்தரவில் குறை இருந்தால் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரான டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறானால் தாசில்தார் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அதிகாரி வரம்பு மீறினார் என்றால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.