ஆர்டீல் பை இன்னசென்ஸ் (புதினம்)

ஆர்டீல் பை இன்னசென்ஸ், ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி எழுதி 1958 நவம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த துப்பறியும் புதினம். இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களிலிருந்து குழந்தைகளை அப்புறப்படுத்திய நிகழ்வில் இதன் கொலைகளுக்கான வேர் இருக்கிறது. கிறிஸ்டியின் புகழ்பெற்ற துப்பறிவாளர்களான புவாரோவோ மிஸ் மார்ப்பிளோ இதில் வருவதில்லை.

வரலாற்றுப் பின்னணி

ஜெர்மன் குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 1939 செப்டம்பர் 1 முதல் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேரைப் பெருநகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெற்றோரைப் பிரிந்து சென்ற பள்ளிக் குழந்தைகள். அவர்களை ஏற்ற குடும்பங்களுக்கு அரசு வாரந்தோறும் உதவித்தொகை வழங்கியது. எதிர்பார்த்த குண்டுகள் உடனே விழாததால், 1940 தொடக்கத்துக்குள் பலர் வீடு திரும்பினர். அதே ஆண்டு லண்டன் தாக்கப்பட்டபோது மறுபடியும் வெளியேற்றம் நடந்தது. டெவன் மாவட்டத்தில் கிறிஸ்டிக்குச் சொந்தமான கிரீன்வே மாளிகையிலும் லண்டனிலிருந்து வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சில காலம் தங்கவைக்கப்பட்டனர்.

கதை

செல்வந்தரான ரேச்சல் ஆர்கைல், குழந்தைப்பேறு இல்லாதவர். போர்க்காலத்தில் சன்னி பாயின்ட் என்னும் தம் வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தி, அங்கு வந்தவர்களில் சிலரைப் போருக்குப் பின்னும் திருப்பி அனுப்பாமல் தத்தெடுக்கிறார். பணம், படிப்பு, பாசம் எல்லாம் கிடைத்தும் பெற்ற தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஆத்திரம் அவர்களில் ஒருவனான மிக்கிக்கு ஆறவில்லை. இந்நிலையில் ரேச்சல் கொல்லப்பட, வளர்ப்பு மகன் ஜாக்கோ தண்டிக்கப்பட்டுச் சிறையிலேயே நிமோனியாவால் இறக்கிறான். கொலை நேரத்தில் அவனைத் தம் காரில் ஏற்றிச்சென்ற ஆர்தர் கால்கரி, விபத்தில் அந்த நினைவை இழந்து, பின்னர் அண்டார்டிகா போய்விடுகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வந்து உண்மையைச் சொன்னதும் குடும்பத்தார் நிம்மதி அடையவில்லை. கொலையாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்ற சந்தேகம் அனைவரையும் பிடித்துக்கொள்கிறது. மூத்த வளர்ப்பு மகளின் கணவர் பிலிப்பும் கொல்லப்படுகிறார்.

கொன்றவர், காப்பகத்தில் பணியாற்ற வந்து அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட கிர்ஸ்டன். அவரைக் காதல் காட்டி மயக்கிக் கொலைக்குத் தூண்டியவன் ஜாக்கோ. அடைக்கலம் பெற்ற குழந்தையும் அதைப் பேண வந்த பணிப்பெண்ணும் சேர்ந்தே அடைக்கலம் தந்தவரை அழிக்கின்றனர். நல்லெண்ணத்தால் மட்டும் ஒரு குழந்தையைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியே கதையை நகர்த்துகிறது.

மதிப்பீடும் தழுவல்களும்

தம் துப்பறியும் நூல்களில் தமக்கு மிகுந்த நிறைவளித்த இரண்டில் இது ஒன்று எனக் கிறிஸ்டி தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். மற்றது குரூக்கெட் ஹவுஸ். டொனால்ட் சதர்லாந்து நடித்த திரைப்படம் 1985இல் வெளிவந்தது. 2007ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி வடிவம் மூலத்தில் இல்லாத மிஸ் மார்ப்பிளைக் கதைக்குள் கொண்டுவந்தது. சாரா ஃபெல்ப்ஸ் எழுத்தில் 2018இல் பிபிசி ஒளிபரப்பிய மூன்று பகுதித் தொடர் கொலையாளியையே மாற்றியது.